நிழலில் உலர்த்தவும்

மூன்று மொழிகளிலும் நான் முதலில் கற்றுக்கொண்டது 'கூடாது' என்பதைத்தான். வெளுப்புப் பொடி போடக் கூடாது. முறுக்கிப் பிழியக் கூடாது. சூடான இஸ்திரி கூடாது. மேலே சீனம், நடுவில் ஜப்பான், கீழே கொரியா. விரல் அகல வெள்ளைப் பட்டையில் பொடி எழுத்தில் இத்தனை தடைகள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் லேபிள் வைக்கிற மிஷின் என்னுடையது. சட்டையின் இடது பக்கத் தையலுக்குள், எப்படித் துவைக்க வேண்டும் என்று எழுதிய பட்டையைச் செருகித் தைப்பது வேலை. வழக்கமாக அதில் ஆங்கிலம் இருக்கும். ஒன்பதாவதோடு நின்றவளாக இருந்தாலும் ஆங்கில எழுத்துக்கு எது தலை, எது கால் என்று தெரியும். ஒரு முறை கிழக்கு நாடுகளுக்கான ஆர்டர் வந்தது. அதற்கு ஆங்கிலமே இல்லாத தனிப் பட்டை. மாதிரிக்குக் கொடுத்த துண்டைப் பார்த்துத்தான் வைத்தேன். மாதிரியையே தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்பது செக்கிங்கில் போய்த்தான் தெரிந்தது. சூப்பர்வைசர் கத்தவில்லை. ஒரு சட்டையைத் தூக்கித் தையல் லைன் முழுக்கக் காட்டி, "இத்த வாங்கறவன் சட்டயப் போட்டுகினு தலகீழா நின்னு படிப்பானா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பிரித்துத் தைத்தேன்.

அந்தப் பட்டையில் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எது மேல் பக்கம் என்று தெரிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் புத்தி அதோடு நிற்கிற புத்தி இல்லை. கோவில்பதாகையில் மாடியில் ஒற்றை அறை எனக்கு. காலையில் பூட்டிவிட்டுப் படி இறங்குவேன். பாதியில் நின்று மறுபடி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போனபின் கேஸை மூடினேனா என்று திரும்பி வருவேன். கீழே இருக்கிற வீட்டுக்காரம்மா, "பூட்டுதான, கொயந்தையா அது? எத்தினி தபா தொட்டுப் பாப்ப?" என்று கேட்டு அலுத்துவிட்டார். அப்படிப்பட்டவள் கையில், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத மூன்று வரி இருந்தால் என்ன ஆகும்? அதில் ஏதோ ஆபத்தைச் சொல்லியிருக்கிறார்கள், அதைத் தெரியாமலே தினமும் தைத்து அனுப்புகிறேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஒரு மொழி போதாதா என்று யாராவது கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். ஒன்றைப் படித்துவிட்டு மற்ற இரண்டை விட்டால், விட்ட இரண்டில்தான் முக்கியமான விஷயம் இருக்கும். ஆனால் யாரும் கேட்கவில்லை. கேட்க யாரும் இல்லை. அம்மா போனபின் அண்ணன் சென்னீர்குப்பத்தில் குடும்பத்தோடு இருக்கிறார். பெருநாளுக்குப் பெருநாள் போய் வருவேன். என்னைக் கூப்பிட்டுப் பேசுகிறவர்கள் வாடகைக்கு வீட்டுக்காரம்மா, டார்கெட்டுக்கு சூப்பர்வைசர், அவ்வளவுதான்.

ஆவடியில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்குகிற நேரம் என் பள்ளிக்கூடம் ஆனது. போனில் எல்லாம் கிடைக்கிறது. நல்லது எது, குப்பை எது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. கொரிய எழுத்து சீக்கிரம் பிடிபட்டது. நம்முடையதைப் போல ஒலிக்கு ஓர் எழுத்து, அதை அடுக்கி ஒரு கட்டம். சீனமும் ஜப்பானும்தான் படுத்தின. ஆனால் இரண்டு வரியிலும் ஒரே உருவம் வருவதை ஒரு நாள் கண்டுபிடித்தேன். 'வெள்ளை' என்பது இங்கேயும் அங்கேயும் அதே பெட்டி, அதே கோடு. அண்ணனூர் தாண்டுகிற ரயிலில், கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு, நான் மட்டும் சிரித்தேன். பக்கத்தில் நின்றவள் என்னைப் பார்த்துவிட்டுத் தன் துப்பட்டாவைச் சரிசெய்தாள், என்னவோ ஒட்டியிருக்கிறது போலிருக்கிறது என்று.

போனில் விரலால் எழுதினால் அதுவே எழுத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். என் எழுத்தை அது கண்டுபிடிக்கவே மாட்டேன் என்றது. பார்வைக்கு அச்சாக அப்படியேதான் இருக்கும். ஆனால் 'நிழல்' என்று எழுதினால் வேறு என்னென்னவோ எழுத்தைக் காட்டும். கோளாறு போனில் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகு ஒரு வீடியோவில் சின்னக் குழந்தைகள் எழுதுவதைப் பார்த்தேன். ஒவ்வொரு கோடாக, தூக்கித் தூக்கி வைக்கிறார்கள். நான் தையல்காரி. ஊசியை இறக்கினால் நூல் அறாமல் மூலையில் திருப்பி, திருப்பி, முடிகிற இடத்தில்தான் தூக்குவேன். அத்தனை எழுத்தையும் அப்படியே ஒரே தையலாகத் தைத்திருக்கிறேன். கற்ற எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தைக்க வேண்டியதாயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை. பிரித்துத் தைக்கிறது என் வேலைதானே.

இன்னொரு குறை இருந்தது. அது பிறகு வந்து கழுத்தைப் பிடித்தது. சின்ன வயதில் பூந்தமல்லியில் அத்தா என்னைக் குர்ஆன் ஓத அனுப்பினார். அரபி எழுத்தைக் கண்டால் இன்றைக்கும் என் வாய் தானாக ஓதும். ஒலி சுத்தமாக வரும். பொருள் கேட்டால் தெரியாது. இந்த மூன்று மொழியிலும் அது தலைகீழாகிப் போயிற்று. பொருள் தெரியும். வாய் திறக்காது. அறையில் சத்தமாகப் படிக்க பயம், கீழே கேட்கும். காதில் ஒயர் மாட்டிக்கொண்டால் கேஸ் கசிகிற சத்தமோ கதவு தட்டுகிற சத்தமோ கேட்காமல் போய்விடும் என்று பயம். அதனால் சத்தத்தைக் குறைத்து, குறைத்து, கடைசியில் இல்லாமலே செய்துவிட்டேன். மூன்று மொழிகள் என் தலைக்குள் ஊமையாக உட்கார்ந்திருந்தன.

அப்படி இருந்தபோதுதான் அந்த அம்மாள் வந்தார்.

தையல் வேலைகளைப் படம் எடுத்துப் போடுகிற ஒரு குழு போனில் உண்டு. எல்லா நாட்டுக்காரர்களும் இருப்பார்கள். ஒருவர் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வை ஒன்றைப் போட்டிருந்தார். கீழே கொரிய எழுத்து. எனக்கு ஏதாவது எழுத வேண்டும் போலிருந்தது. தெரிந்ததெல்லாம் பட்டையில் இருந்ததுதான். "நிழலில் உலர்த்தவும்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய கணமே அழிக்கப் போனேன். அழிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. நிழலில்தான் உலர்த்தினேன், சொன்னதற்கு நன்றி என்று எழுதியிருந்தார்.

கடலோரச் சிற்றூர் ஒன்றில், துணிகளை அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுக்கிற சின்னக் கடை வைத்திருக்கிறார். என்னைவிட மூத்தவர். அவரும் தனியாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது என் அரைகுறைக் கொரியன் மட்டும். அதை வைத்துக்கொண்டு தினமும் எழுதிக்கொண்டோம். சாப்பிட்டாயா, மழையா, ஊசி என்ன நம்பர் போடுகிறாய். நான் பாபின் படம் அனுப்பினால் அவர் தன் கத்திரிக்கோல் படம் அனுப்புவார். ஒரு வரி எழுத எனக்குச் சாப்பாட்டு இடைவேளை முழுக்கப் போகும். கொஞ்ச நாளில் அவர் என்னைத் தங்கை என்று எழுத ஆரம்பித்தார். கொரியாவில் இளையவர்களை அப்படிச் சொல்வது வழக்கம்தான் என்று படித்திருந்தேன். இருந்தாலும் அந்த வார்த்தையை ரயிலில் திறந்து திறந்து பார்ப்பேன், பூட்டை இழுத்துப் பார்ப்பது போல.

ஒரு நாள் அவர் எழுதினார். உன் குரலைக் கேட்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பேசலாமா?

சரி என்று எழுதிவிட்டு அன்று முழுக்க லேபிளைக் கோணலாகத் தைத்தேன். பேசாமல் தட்டிக் கழித்தால் அவருக்கு மனம் விட்டுப்போகும். பேசினால் என் வாய் லட்சணம் தெரிந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் தினமும் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒரே ஆளை நான் இழக்கப்போகிறேன். வேலை நெருக்கடி, அடுத்த ஞாயிறு என்று தள்ளி வைத்தேன். பிறகு அதற்கடுத்த ஞாயிறு.

பழக வேண்டும், ஆனால் எங்கே? அறையில் முடியாது. ரயிலில் முடியாது. கடைசியில் இடம் கண்முன்னாலேயே இருந்தது. லைன் முழுக்க மிஷின் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. கையில் துணி, கண் ஊசியில். வாயை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. நான் கொரியனைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். இன்று வெயில் அதிகம். நான் சாப்பிட்டேன். நீங்கள் சாப்பிட்டீர்களா? என் காதுக்கே கேட்காதபோது குரலை ஏற்றினேன். சட்டைக்குச் சட்டை ஒரு வாக்கியம். பண்டல் முடிவதற்குள் வாய் பழகிவிடும்.

யாரும் பார்ப்பதில்லை என்று நினைத்தது தப்பு. பக்கத்து மிஷினில் காலர் தைக்கிறவள் பார்த்திருக்கிறாள். என்னைவிட இளையவள், பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண்ணின் அம்மா. வாய் ஓயாத ஆள். நான் பதில் பேசாததால் என்னிடம் மட்டும் சுருக்கமாகப் பேசுவாள். ஒரு நாள் மின்சாரம் போய் மிஷின்கள் நின்றபோது என் பக்கம் குனிந்தாள்.

"யக்கா, தெனம் ஓதிகினே தைக்கிறியே. எம் பொண்ணு ஜொரத்துல பட்த்துகினு கீது. அதுக்கும் சேத்து ஓதேன்."

தலையை ஆட்டினேன். உடனே கவலை பிடித்துக்கொண்டது. ஓதுகிறேன் என்று நம்பி ஒருத்தி குழந்தையை ஒப்படைத்திருக்கிறாள். நானோ வெயில் அதிகம், சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எனக்குத் தெரிந்த துஆவை மனதுக்குள் ஓதினேன். ஆனால் அவள் பார்ப்பது என் வாயை. அன்று இடைவேளையில் கொரிய அம்மாளுக்கு எழுதினேன், குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கட்டும் என்று எப்படிச் சொல்வது? உன் குழந்தையா என்று கேட்டார். இல்லை, பக்கத்து மிஷின் என்று எழுதினேன். அவர் வாக்கியத்தை அனுப்பி, கூடவே ஈரத்துணி போடச் சொல் என்றும் எழுதினார்.

மிஷின் ஓட ஆரம்பித்ததும் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். மற்ற வாக்கியங்களைப் போல அது இல்லை. பழகுவதற்காகச் சொல்லவில்லை. காய்ச்சல் இறங்கட்டும், இறங்கட்டும் என்று பண்டலுக்குப் பண்டல், மிஷின் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிச் சொன்னேன். வாரக் கடைசியில் அவள் வந்து, பொண்ணு எழுந்து இட்லி தின்றாள் என்றாள். மருந்து கொடுத்தார்கள், இறங்கியது; எனக்குத் தெரியாதா? ஆனாலும் அன்று சாயங்காலம் கொரிய அம்மாளுக்கு, இந்த ஞாயிறு நிச்சயம் என்று எழுதினேன்.

ஞாயிறு மதியம். வீட்டுக்காரம்மா சர்ச்சில் பூசை முடிந்து வந்து கோழி வதக்குகிற வாசனை மேலே வந்துகொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தினேன். சொல்ல வேண்டிய வரிகளை ஒருமுறை உதட்டுக்குள் ஓட்டிப் பார்த்தேன். போன் அடித்தது.

அவர் குரல் நான் நினைத்ததைவிட மெல்லியதாக இருந்தது. அதில் தங்கை என்ற சொல் கேட்டது. சாப்பாடு கேட்டது. மற்றதெல்லாம் நீரோடுகிற மாதிரி ஓடிப்போயிற்று. இத்தனை நாள் எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தவை எதுவும் குரலில் நிற்கவில்லை. நான் என் வரிகளைச் சொன்னேன். அந்தப் பக்கம் பேச்சு நின்றது. கேட்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி சொன்னேன். அவர் ஏதோ மெதுவாகக் கேட்டார். புரியவில்லை. இன்னொரு முறை, இன்னும் தெளிவாகச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு டிவி ஓடுவது மட்டும் கேட்டது.

படியில் செருப்புச் சத்தம். வீட்டுக்காரம்மா கரண்டியோடு வாசலில் நின்றார்.

"இன்னாம்மா, யாராண்ட சண்ட? தெரு வரிக்கும் கேக்குது."

போனை அணைத்தேன். சண்டை இல்லை என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கறி அடிப்பிடிக்கும் என்று இறங்கிப் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மொழியை நான் பேசிப் பழகிய ஒரே இடம் தையல் லைன். மிஷின்களுக்கு மேலே கேட்க வேண்டும் என்று ஏற்றிய குரல் அப்படியே வாயில் படிந்துவிட்டது. அமைதியான அறையில், எத்தனையோ கடல் தாண்டி இருக்கிற ஒரு வயதான பெண்ணிடம், சாப்பிட்டீர்களா என்று நான் கத்தியிருக்கிறேன்.

சாயங்காலம் செய்தி வந்தது. உன் குரல் பலமாக இருந்தது, என் மேல் கோபமோ என்று பயந்துவிட்டேன், நமக்கு எழுத்துதான் வசதி, இல்லையா என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற பொம்மை ஒன்றும் போட்டிருந்தார். நல்ல மனுஷி. கோபமில்லை, மிஷின் சத்தத்தில் பழகினேன் என்று விளக்கி எழுத உட்கார்ந்தேன். கொரியனில் அவ்வளவு நீளமாக எனக்கு வரவில்லை. ஆமாம், எழுத்துதான் வசதி என்று எழுதினேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிடவில்லை. சாப்பிட்டாயா என்பது முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. பிறகு குழுவில் போடுகிற படத்தையே எனக்கும் அனுப்பினார். பிறகு குழுவில் மட்டும் போட்டார். சண்டை என்றால் சமாதானம் செய்யலாம். இது அப்படி இல்லை. சாயம் போகிற துணிபோல, எந்தத் துவைப்பில் போனது என்று சொல்ல முடியாது. ரயிலில் போனைப் பையிலேயே வைத்திருந்தேன். திருமுல்லைவாயலும் அம்பத்தூரும் வெறும் ஸ்டேஷன்களாக வந்து போயின.

லைனில் வாயை மூடிக்கொண்டு தைத்தேன். வேலை சுத்தமாக நடந்தது. சூப்பர்வைசர்கூட என் பக்கம் வருவதில்லை.

மறுபடி ஒரு நாள் மின்சாரம் போயிற்று. பக்கத்து மிஷின்காரி டப்பாவைத் திறந்து எலுமிச்சம்பழச் சோற்றை என் டப்பா மூடியில் வைத்தாள். இன்னா, கொஞ்ச நாளா வாய் அசையவே இல்லை என்றாள். ஓதுவதை விட்டுவிட்டேன் என்று அவள் நினைத்துவிடக்கூடாதே என்று பதறி, அது ஓதியது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஓதலன்னு எனக்குத் தெரியாதா? எங்க ஊட்டாண்டயே பள்ளிவாசல் கீது. பொறந்ததுலேர்ந்து கேட்டுகினு கீறேன். நீ சொன்னது வேற இன்னாவோ."

பிறகு ஏன் ஓதச் சொன்னாய் என்று கேட்டேன்.

"இன்னா பேசறேன்னு கேட்டா நீ நிறுத்திட்ருப்ப. உன்னியப் பத்தித் தெரியாதா?"

அவளிடம் சொன்னேன். பட்டை, கொரியா, கடலோரக் கடை, ஞாயிற்றுக்கிழமை, எல்லாம். யாரிடமும் அவ்வளவு நேரம் நான் பேசியதில்லை, சோறு மூடியில் அப்படியே இருந்தது. அவள் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மாளுக்கு நான் பேசியது ஒன்றுமே புரியவில்லை என்று சொல்லி முடித்தபோதுதான் நிமிர்ந்தாள்.

"எனக்குந்தான் ஒரு எயவும் புரியல. கேட்டுகினுதான இருந்தேன்?"

மிஷின் இரைச்சலில் எனக்கே கேட்காததை அவள் எப்படிக் கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. விளக்கு வந்தது. ஒவ்வொன்றாக மிஷின்கள் முனக ஆரம்பித்தன. அவள் டப்பாவை மூடிக்கொண்டே, பெண்ணுக்கு நாளைக்குப் பரீட்சை, கணக்கு என்றால் அதற்கு உதறல், நீ சொல்வதில் அதையும் சேர்த்துக்கொள் என்றாள்.

நான் தலையாட்டிவிட்டுப் பண்டலை இழுத்தேன். அப்போதுதான் தெரிந்தது, பரீட்சை என்ற சொல் என்னிடம் இல்லை. கொரியனில் இல்லை, சீனத்தில் இல்லை, ஜப்பானிலும் இல்லை. வெளுப்புப் பொடிக்கு இருந்தது, நிழலுக்கு இருந்தது, காய்ச்சலுக்கு இருந்தது. பரீட்சை எனக்கு ஒன்பதாவதோடு தேவைப்படாமல் போய்விட்டது. தேட வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. கொரிய அம்மாளிடம் கேட்கலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டேன்.

சாயங்காலம் பட்டரவாக்கத்தில் ரயில் ஏறியதும் பையிலிருந்து போனை எடுத்தேன். மூன்று மொழியிலும் அந்தச் சொல்லைத் தேடினேன். போன் அதை உச்சரிப்பது பக்கத்தில் நின்றவள் காதிலும் விழட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.